கூட்டுப்பொருள்களின் இயற்பியல், இயந்திரவியல் பண்புச் சோதனைகள்: கிருஷ்ணகிரி – ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இழையும் பிசினும் சேர்ந்து உருவாகும் கூட்டுப்பொருள், உலோகத்தைப் போல ஆலையிலிருந்து முடிந்த பொருளாக வருவதில்லை. உறுப்பு வார்க்கப்படும்போதே பொருளும் பிறக்கிறது. ஆகவே அதன் இழுவலிமை, வளைவலிமை முதலிய இயந்திரவியல் பண்புகள், அடர்த்தி, இழையளவு, நுண்வெற்றிடம், ஈரம் ஆகிய இயற்பியல் பண்புகளைச் சார்ந்தே அமைகின்றன. பின்னவற்றை அளவிடாமல் முன்னவற்றை மட்டும் அறிவிக்கும் ஆய்வு, சோதிக்கப்பட்ட துண்டைப் பற்றிப் பேசுகிறதேயன்றிப் பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. இக்கருத்தை, ஓசூரின் வானூர்தித் தொழில், கிருஷ்ணகிரியின் கிரானைட் கழிவுத் தூள் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: கூட்டுப்பொருள், இழுவலிமை, நுண்வெற்றிடம், ஈரம் உறிஞ்சல், கிரானைட் தூள், ஹன்சா, ஓசூர்.

முன்னுரை

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் இருவகைத் தொழில்களால் அறியப்படுவது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் போன்ற பெருந்தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரி உறுப்புகள் வழங்கும் சிறுதொழில்களும் உள்ளன. போச்சம்பள்ளியில் 2021ஆம் ஆண்டு மின்சார இருசக்கர வாகன உற்பத்தி தொடங்கியது. மறுபுறம் பர்கூர், ஜெகதேவி வட்டாரங்களில் கிரானைட் அறுவைத் தொழிலும், மாவட்டமெங்கும் மா சாகுபடியும் மாங்கூழ்த் தொழிலும் நடைபெறுகின்றன. முதல் வகைத் தொழில் எடை குறைந்த, வலிமை மிகுந்த பொருளை நாடுகிறது. இரண்டாம் வகை, கல்தூள், மாங்கொட்டை ஓடு எனக் கழிவுகளைக் குவிக்கிறது. இக்கழிவுகளை நிரப்பியாகப் பயன்படுத்திக் கூட்டுப்பொருள் உருவாக்கலாம் என்னும் எண்ணம் பொறியியல் கல்லூரிகளில் ஆய்வுத் தலைப்பாகப் பெருகுவது இயல்பே.

எனினும் ஆய்வகத்தில் வார்த்த தகட்டுக்கும் தொழிற்சாலை ஏற்கும் பொருளுக்கும் இடையில் ஓர் இடைவெளி நிற்கிறது. அவ்விடைவெளியைக் கடக்கச் செய்வது சோதனை. எதனைச் சோதிப்பது, எந்த வரிசையில் சோதிப்பது, கிடைத்த எண்ணை எவ்வாறு படிப்பது என்னும் மூன்று வினாக்களே இங்கு ஆராயப்படுகின்றன.

1. ஓசூரும் ஹன்சா வானூர்தியும்

கூட்டுப்பொருள் சோதனையின் பொருளை உணர்த்தும் எடுத்துக்காட்டு இவ்வட்டாரத்திலேயே உள்ளது. பெங்களூரில் இயங்கும் தேசிய வானூர்தி – விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா, இருவர் அமரும் பயிற்சி வானூர்தி. அதன் உடற்கட்டு முழுவதும் கூட்டுப்பொருளால் ஆனது. முன்மாதிரி 1993ஆம் ஆண்டு முதன்முறையாகப் பறந்தது. ஹன்சா-3 வடிவம் மிக இலகு வானூர்திகளுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பின்படி 2000ஆம் ஆண்டு இந்தியக் குடிசார் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் சான்றிதழைப் பெற்றது. அதனை உற்பத்தி செய்தது ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா ஏரோஸ்பேஸ் அண்டு ஏவியேஷன் நிறுவனம்.

விஎல்ஏ என்று சுருக்கமாக வழங்கும் அவ்விதித்தொகுப்பு கூட்டுப்பொருளை நோக்கும் முறை கவனத்திற்குரியது. எந்தக் கட்டமைப்பும் பறப்பில் எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப்போல் 1.5 மடங்கு தாங்க வேண்டும் என்பது பொது விதி. கூட்டுப்பொருளுக்கு இதன்மேல் மேலும் ஒரு சிறப்புக் காரணி பெருக்கப்படுகிறது. ஈரம் ஏற்றப்பட்ட மாதிரிகளை உச்சப் பயன்பாட்டு வெப்பநிலையில் சோதித்திருந்தால், நிலைபெற்ற தயாரிப்பு முறையும் தரக் கட்டுப்பாடும் இருக்கும் பட்சத்தில், அக்காரணி 1.2. ஈரத்தையும் வெப்பத்தையும் கருதாமல் சோதித்திருந்தால் 1.5. முதல் நிலையில் மொத்தப் பெருக்கம் 1.8, இரண்டாம் நிலையில் 2.25. அதாவது, சோதனையைச் சுருக்கிக்கொண்ட வடிவமைப்பாளர் தம் கட்டமைப்பை 25 விழுக்காடு கூடுதல் சுமைக்கு வடிவமைக்க வேண்டும். அறியாமைக்கு விதி ஒரு விலை வைக்கிறது; வானூர்தியில் அவ்விலை எடையாகச் செலுத்தப்படுகிறது.

உச்ச வெப்பநிலை எது என்பதற்கும் அதே தொகுப்பின் விளக்கக் குறிப்பு விடை தருகிறது. வெண்ணிறப் பூச்சுள்ள பரப்பின்மேல் செங்குத்தாக வெயில் விழும் நிலைக்கு 54 டிகிரி செல்சியஸ் கொள்ளப்படுகிறது. அடர்நிறப் பூச்சு இதைவிடச் சூடேறும். இலகு வானூர்திகளும் கிளைடர்களும் பெரும்பாலும் வெண்மையாகவே காணப்படுவதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. பிசின் வெப்பத்தில் இளகும் என்னும் பொருளியல் உண்மையும் அதன்பின் உள்ளது.

2. திசை என்னும் முதற்பண்பு

எஃகின் மீட்சிக் குணகத்தை எத்திசையில் அளந்தாலும் ஏறத்தாழ ஒரே மதிப்பே கிடைக்கும். இழைவழிக் கூட்டுப்பொருளில் அவ்வாறன்று. ஈ-கண்ணாடி இழையின் மீட்சிக் குணகம் ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல். எப்பாக்சிப் பிசினின் குணகம் ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல். பருமனளவில் 55 விழுக்காடு இழை ஒரே திசையில் அமைந்த தகட்டின் நீளவாக்குக் குணகத்தைக் கலவை விதியால் கணக்கிட்டால் 0.55 × 72 + 0.45 × 3, அதாவது ஏறத்தாழ 41 கிகாபாஸ்கல் கிடைக்கிறது. குறுக்குத் திசைக்கு எளிய தலைகீழ் விதியைப் பயன்படுத்தினால் 6.3 கிகாபாஸ்கல் மட்டுமே கிடைக்கிறது. உண்மை மதிப்பு இதைவிடச் சற்று மிகும். ஆயினும் வேறுபாடு பன்மடங்கு என்பதில் மாற்றமில்லை.

இதில் மறைந்துள்ள எச்சரிக்கை ஒன்று உண்டு. அதே தகட்டிலிருந்து சோதனைத் துண்டை வெட்டும்போது இழைத்திசையிலிருந்து 10 பாகை விலகிவிட்டதாகக் கொள்ளலாம். வெட்டுக் குணகம் 4 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.28 எனக் கொண்டு கணக்கிட்டால், 41 ஆக இருக்க வேண்டிய குணகம் ஏறத்தாழ 33 ஆகக் குறைகிறது. பொருளில் குறையேதும் இல்லை. வெட்டிய கோணத்தில்தான் குறை. துண்டின் விளிம்பில் இழையின் போக்கை அளந்து பதிவு செய்யாத ஆய்வில் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

3. இயற்பியல் பண்புகள்: முதலில் அளக்க வேண்டியவை

3.1 அடர்த்தியும் நுண்வெற்றிடமும்

பிசினில் சிக்கிய காற்றும், பிசின் இறுகும்போது வெளிப்படும் ஆவியும் தகட்டினுள் நுண்வெற்றிடங்களாகத் தங்குகின்றன. கையால் பூசி அடுக்கும் முறையில் இது மிகுதி. வெற்றிட உறையிட்டு இறுக்கும்போது குறையும். அழுத்தக்கலனில் மேலும் குறையும். வெற்றிடம் முதலில் தாக்குவது அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பை. ஏறத்தாழ 4 விழுக்காடு வரையில், ஒவ்வொரு விழுக்காட்டு வெற்றிடத்திற்கும் அடுக்கிடை வெட்டு வலிமை ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவதாக ஜட், ரைட் ஆகியோர் 1978இல் தொகுத்த முடிவு இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது.

வெற்றிடத்தை அறியும் வழி எளியது. நீரில் மூழ்கவைத்து எடைபோடும் ஆர்க்கிமிடீசு முறையில் தகட்டின் அடர்த்தியை அளக்க வேண்டும். பின்னர் ஒரு சிறு துண்டை உலையில் எரித்துப் பிசினை நீக்கி, எஞ்சும் கண்ணாடியின் எடையைக் காண வேண்டும். ஏஎஸ்டிஎம் டி 2584 தரமுறை இதற்கு 565 டிகிரி செல்சியஸைக் குறிக்கிறது. எடைவிகிதம் தெரிந்ததும் வெற்றிடமற்ற தகட்டின் கோட்பாட்டு அடர்த்தியைக் கணக்கிடலாம். எடையளவில் 70 விழுக்காடு கண்ணாடியும் 30 விழுக்காடு பிசினும் உள்ள தகட்டில், கண்ணாடியின் அடர்த்தி 2.55, பிசினின் அடர்த்தி 1.2 எனில், கோட்பாட்டு மதிப்பு கனசெண்டிமீட்டருக்கு 1.907 கிராம். அளந்த மதிப்பு 1.85 எனில் வெற்றிடம் 3 விழுக்காடு. வானூர்தி உறுப்புகளில் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரையே ஏற்கப்படும் என்பதை நோக்க, ஒரு தராசும் ஓர் உலையும் இத்தகட்டின் தகுதியை முன்கூட்டியே கூறிவிடுகின்றன.

3.2 கிரானைட் தூள் எழுப்பும் சிக்கல்

கிருஷ்ணகிரியின் கல்தூளை நிரப்பியாகச் சேர்க்கும்போது இக்கணக்கு தனிக்கவனம் கோருகிறது. வணிகத்தில் கிரானைட் என்னும் ஒரே பெயரில் வழங்கும் கற்கள் கனிமவியலில் ஒன்றல்ல. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த சாம்பல், இளஞ்சிவப்புக் கற்களின் அடர்த்தி ஏறத்தாழ 2.65. கறுப்புக் கிரானைட் எனப்படுவது பெரும்பாலும் டோலரைட். அதன் அடர்த்தி ஏறத்தாழ 3.0. அறுவை ஆலையில் இருவகைத் தூளும் ஒரே குழியில் சேர்வதுண்டு.

எடையளவில் 40 விழுக்காடு தூளும் 60 விழுக்காடு எப்பாக்சியும் கொண்ட ஒரு தகட்டின் அளந்த அடர்த்தி 1.53 எனக் கொள்ளலாம். தூளின் அடர்த்தியை 2.65 எனக் கொண்டால் வெற்றிடம் 0.4 விழுக்காடு என வருகிறது, 3.0 எனக் கொண்டால் 3.1 விழுக்காடு. அளவீடு ஒன்றே, முடிவோ ஒன்றுக்கொன்று எதிரானது. நூலில் கண்ட அடர்த்தியை எடுத்தாண்ட ஆய்வாளர் மோசமான தகட்டை நல்லதென்றும், நல்ல தகட்டை மோசமானதென்றும் கூறிவிட நேரும். சில வேளைகளில் வெற்றிடம் எதிர்க்குறி மதிப்பாகவும் வரும். அது கணிதப் பிழையன்று, எடுத்துக்கொண்ட அடர்த்தி தவறு என்பதற்கான அறிவிப்பு. பயன்படுத்தும் தூளின் அடர்த்தியைப் பிக்னோமீட்டரால் நேரடியாக அளப்பதே தீர்வு.

வேறு இரு நுட்பங்களும் உள்ளன. எஃகுக் குறுமணிகளையும் சுண்ணாம்பையும் நீரோடு கலந்து கல்லை அறுக்கும் கேங்சா இயந்திரங்களின் சேற்றில் இரும்புத் துகள் கலந்திருக்கும். அது அடர்த்தியை உயர்த்துவதோடு ஈரத்தில் துருப்பிடிக்கவும் செய்யும். காந்தத்தால் அதனைப் பிரித்தபின்னரே தூளைப் பயன்படுத்த வேண்டும். மேலும், கண்ணாடி இழையும் கல்தூளும் ஒருங்கே உள்ள தகட்டை எரித்தால் இரண்டுமே எஞ்சும். எச்சத்தின் மொத்த எடையை இழையின் எடையாகக் கொண்டால் இழையளவு பொய்யாக உயர்ந்து தோன்றும். எச்சத்தைச் சலித்தும் கழுவியும் இழையைத் தனியே எடைபோட வேண்டும். சணல், தென்னைநார், மாங்கொட்டை ஓடு போன்ற தாவரப் பொருள்களில் சிக்கல் தலைகீழானது. இவை பிசினோடு சேர்ந்தே எரிந்துவிடும். எனவே வார்க்கும்போதே இழை, பிசின் ஆகியவற்றின் எடையையும் வார்த்த தகட்டின் எடையையும் துல்லியமாகப் பதிவு செய்வது தவிர வேறு எளிய வழியில்லை.

3.3 ஈரம்

நீர் பிசினை இளக்குகிறது. அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையைத் தாழ்த்துகிறது. தாவர இழைகளில் பாதிப்பு இன்னும் கடுமையானது. செல்லுலோசு நீரை விரும்பும் பொருளாதலால் இழை பருத்து, பிசினோடுள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது.

டி 570 தரமுறையில் இடம்பெறும் 24 மணி நேர நீரமிழ்வு பரவலாக மேற்கொள்ளப்படுகிறது. ஆனால் அது நிறைவு நிலையைக் காட்டுவதில்லை. ஃபிக் விதிப்படி தொடக்கத்தில் எடைப்பெருக்கம் காலத்தின் இருபடிமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. நிறைவடைய ஆகும் காலமோ தடிமனின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 2 மில்லிமீட்டர்த் தகட்டைவிட 4 மில்லிமீட்டர்த் தகடு நிறைவடைய நான்கு மடங்கு காலம் வேண்டும். ஆகவே தடிமன் வேறுபட்ட இரு தகடுகளின் 24 மணி நேர மதிப்புகளை ஒப்பிட்டு, ஒன்று ஈரத்தை எதிர்க்கிறது என்று முடிவு கூறுதல் பொருந்தாது. எடை மாறாத நிலை எட்டும்வரை அளந்து பரவல் கெழுவைக் காணும் டி 5229 தரமுறையே பொருளின் பண்பைத் தருகிறது.

4. இயந்திரவியல் பண்புகள்

இழுவலிமைச் சோதனைக்கு உரியது டி 3039. நீளவாக்கில் இழையுள்ள துண்டுக்கு 15 மில்லிமீட்டர் அகலம், 250 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் தடிமன் எனவும், குறுக்குத் துண்டுக்கு 25, 175, 2 மில்லிமீட்டர் எனவும் அது பரிந்துரைக்கிறது. நிரப்பியற்ற பிளாஸ்டிக்குகளுக்கும் குறுந்துகள் கலந்தவற்றுக்கும் வகுத்த டி 638 தரமுறையின் இடைசிறுத்த வடிவத்தை நீள்இழைத் தகட்டுக்குப் பயன்படுத்துவது ஒரு பொதுவான பிழை. இடை சிறுக்கும் இடத்தில் இழைகள் வெட்டுண்டு, துண்டு நீளவாக்கில் பிளந்துவிடும்.

யுடிஎம் எனப்படும் சோதனைப் பொறி தரும் இடப்பெயர்ச்சியிலிருந்து திரிபைக் கணக்கிடுதல் மற்றொரு பிழை. பொறியின் சட்டமும் பிடிகளும் சேர்ந்து நெகிழ்வதால் திரிபு மிகையாகவும், மீட்சிக் குணகம் குறைவாகவும் தோன்றும். எக்ஸ்டென்சோமீட்டரையோ திரிபளவியையோ துண்டின்மேல் பொருத்துவதே முறை. துண்டு எங்கு, எவ்வாறு முறிந்தது என்பதை மூன்றெழுத்துக் குறியீட்டால் பதிவு செய்யுமாறு தரமுறை வலியுறுத்துகிறது. பிடியின் விளிம்பிலேயே முறிந்த துண்டு பிடியின் தகைவுக் குவிப்பைச் சோதித்ததேயன்றிப் பொருளைச் சோதிக்கவில்லை.

வளைவலிமையில் தாங்கிகளுக்கு இடையிலான தொலைவுக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம் முடிவைத் தீர்மானிக்கிறது. டி 7264 இதனை 32 எனக் கொள்கிறது. விகிதம் சுருங்கினால் வளைவோடு வெட்டு விசையும் ஆட்சி செலுத்தும்; 4 ஆகச் சுருக்கினால் அதுவே அடுக்கிடை வெட்டு வலிமையைக் காணும் டி 2344 சோதனையாகிவிடுகிறது. ஒரே தகட்டின் வளைவலிமை இழுவலிமையை விஞ்சி வருவதும் முரண்பாடன்று. வளைவில் உச்சத் தகைவு மேற்பரப்பின் சிறு பகுதியில் மட்டும் எழுகிறது. ஆகவே குறையுள்ள இடம் அதில் சிக்கும் வாய்ப்பு குறைவு. ஐசாட், சார்ப்பி மோதல் சோதனைகள் தரும் ஆற்றல் மதிப்பு துண்டின் அளவையும் வெட்டுத்தடத்தையும் சார்ந்தது. ஒப்பீட்டுக்கு உதவுமேயன்றி வடிவமைப்புக் கணக்கில் நுழையத்தக்க பண்பு அன்று.

5. சராசரியும் நம்பத்தக்க மதிப்பும்

ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஐந்து துண்டுகள் என்பது டி 3039 கூறும் அளவு. ஆய்வேடுகள் பெரும்பாலும் அவ்வைந்தின் சராசரியோடு நின்றுவிடுகின்றன. வடிவமைப்பாளர் சராசரியைப் பயன்படுத்துவதில்லை. பாதித் துண்டுகள் அதற்குக் கீழே முறியும். அவர் நாடுவது பி-அடிப்படை மதிப்பு. பொருளின் 90 விழுக்காட்டுத் துண்டுகளேனும் இம்மதிப்பைத் தாண்டும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு கூறத்தக்க எல்லை அது.

சராசரி இழுவலிமை 300 மெகாபாஸ்கல், மாறுபாட்டுக் கெழு 8 விழுக்காடு, பரவல் இயல்நிலை எனக் கொண்டால் திட்ட விலக்கம் 24. ஐந்து துண்டுகள் மட்டும் சோதித்திருப்பின் பெருக்கக் காரணி 3.407, பி-அடிப்படை மதிப்பு 218 மெகாபாஸ்கல். பத்துத் துண்டுகளுக்குக் காரணி 2.355, மதிப்பு 243. முப்பது துண்டுகளுக்குக் காரணி 1.777, மதிப்பு 257. பொருளும் சராசரியும் மாறவில்லை. அறிவு மட்டுமே பெருகியது. அப்பெருக்கத்தால் 39 மெகாபாஸ்கல் வடிவமைப்பின் கைக்கு வந்தது. அத்துண்டுகள் ஒரே நாளில் வார்த்த ஒரே தகட்டிலிருந்து வெட்டப்பட்டவையாக இருந்தால் இக்கணக்கும் பயன்படாது. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு பிசின் தொகுதிகளில் வார்த்த தகடுகளே உற்பத்தியின் உண்மையான மாறுபாட்டைக் காட்டும். கழிவுத் தூளை மூலப்பொருளாகக் கொள்ளும் ஆய்வில், வெவ்வேறு ஆலைகளின் தூளையும் இம்மாறுபாட்டில் சேர்க்க வேண்டும்.

6. ஆய்வேட்டில் இடம்பெற வேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து சோதனையின் வரிசை தெளிவாகிறது. முதலில் மூலப்பொருள்: தூளின் அடர்த்தி, துகளளவு, கனிம வகை, இழையின் ஈரநிலை, பிசினின் தொகுதி. அடுத்துத் தகடு: வார்த்த முறை, இறுகிய வெப்பநிலையும் காலமும், அடர்த்தி, இழையளவு, வெற்றிடம். அதன்பின் துண்டு: வெட்டிய கோணம், அளவுகள், சோதனைக்குமுன் வைத்திருந்த சூழல். 23 டிகிரி செல்சியஸும் 50 விழுக்காடு ஈரப்பதமும் தரமுறைச் சூழலாகக் கொள்ளப்படுகின்றன. துண்டுகளை வெளியூர்ச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பும்போது அவற்றை ஈரம் புகா உறையில் அடைத்து, சென்று சேர்ந்ததும் மீண்டும் எடைபோட வேண்டும். இறுதியாகவே இழுப்பும் வளைப்பும் மோதலும். அவற்றோடு முறிவு வகை, திட்ட விலக்கம், துண்டுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு தனித்துண்டின் மதிப்பையும் அட்டவணையாகத் தருதல், பிற்கால ஆய்வாளர் அவற்றை ஒன்றுசேர்த்துக் கணக்கிட உதவும்.

முடிவுரை

கிரானைட் தூள் சேர்த்ததால் வலிமை உயர்ந்தது என்னும் முடிவு, வெற்றிடம் மாறவில்லை என்று காட்டப்படும்வரை நிறுவப்பட்டதாகாது. தூளின் ஒரு கலவை விகிதத்தில் தகடு நன்கு இறுகியிருக்கலாம். மற்றொன்றில் பிசின் தடித்துக் காற்று சிக்கியிருக்கலாம். வலிமை வேறுபாட்டுக்குக் காரணம் தூளா, காற்றா என்பதைத் தராசே கூறும். இழுப்புப் பொறி கூறாது. இச்சோதனைகளில் பல, பிக்னோமீட்டர், துல்லியத் தராசு, உலை ஆகியவற்றைக் கொண்டு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் செய்யத்தக்கவை. விலையுயர்ந்த பொறியை நாடுவதற்குமுன் செய்யவேண்டியவையும் இவையே.

பேளகொண்டப்பள்ளியில் உருவான வானூர்திக்கு விதித்தொகுப்பு விடுத்த கேள்வியும் பர்கூர்க் கல்தூளில் வார்த்த தகட்டுக்கு விடுக்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: பயன்படும் நிலையில் இப்பொருள் எவ்வாறு நடந்துகொள்ளும், அதனை எவ்வளவு உறுதியோடு கூற முடியும்? அக்கேள்விக்கு விடையளிக்கும் தரவுகளோடு ஆய்வுகள் வெளிவருமாயின், மாவட்டத்தின் ஒரு புறத்தில் குவியும் கழிவு மறுபுறத்தில் இயங்கும் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகும் வாய்ப்பு ஆய்வேட்டுத் தாளோடு நின்றுவிடாது.